நாலடி கவுண்டர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்: எங்கள் ஊர் மருந்துக்கடை பற்றி

பேர் சொல்லாமல் ஒரு கடையைப் பற்றி எழுதினால் யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஊர் சின்ன ஊர். கடைப் பேரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் என் தம்பி யாரென்று தெரிந்துவிடும். எழுதிக்கோ என்று சொன்னவன் அவன்தான், ஊர் பேர் மட்டும் வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், அவ்வளவு போதும்.

தம்பிக்கு 2018லிருந்து பைப்போலார், மனசு சில சமயம் எல்லை மீறி எழும்பும், சில சமயம் அடியோடு விழும். இருமுனைக் கோளாறு என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டு வார்த்தையையும் நாலு வருடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அவனுக்கு உடம்புக்கு முடியல" என்பதோடு சரி. அம்மா, மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள், அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார், நான் மாத்திரை வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். மனநிலையை ஒரு நிதானத்தில் வைக்கிற லித்தியம் 300, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

முதல் மாதம் எங்கள் தெருமுனைக் கடையில்தான் வாங்கினேன். (இப்போது எழுதும் கடை அது இல்லை.) சீட்டைப் பார்த்த பையன் உள்ளே திரும்பி, "லித்தியம் இருக்கா பாருங்க, வாத்தியார் வீட்டுக்கு!" என்று ஒரு சத்தம் போட்டான். உள்ளேயிருந்து, "அது மென்டல் மாத்திரைல்லாடே, யாருக்கு?" என்று பதில் சத்தம். எனக்குப் பின்னால் நின்றது எங்கள் சொந்தக்காரர் ஒருவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் என் முகத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார் பாருங்கள், அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சென்னைக்காரர்கள் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று திட்டுவார்கள், கொழும்பில் அங்கத்திய மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை வைத்து 'அங்கொடை' என்பார்கள் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794ல் தொடங்கியது, இருநூறு வருஷத்துக்கு மேலாக எத்தனை பேர் அங்கே போய்க் குணமாகி வீடு திரும்பியிருப்பார்கள், அந்தப் பேர் நமக்கு வசவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. எங்கள் பக்கம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், கிறுக்கு என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு மூன்றரை வருடம் ஜங்ஷன் பக்கம் போய், யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கடையில் வாங்கினேன். மாத்திரைக்கு ஆன காசைவிட பஸ்ஸுக்கு அதிகம் ஆனது. வாங்கியதைத் துணிக்கடைப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்போம். என்னவோ கஞ்சா கடத்துகிற மாதிரி.

இந்த ஒளித்தல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லாமல் கடைக்குள் போக முடியாது. 2022 கோடையில் தம்பி பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. தெருமுனைக் கடையில் போய் வலிக்கு மாத்திரை கேட்டான், டைக்ளோபினாக் ஐந்து நாளைக்குக் கொடுத்தார்கள். யாருக்குத்தான் கொடுக்கமாட்டார்கள்? ஆனால் லித்தியம் எடுக்கிறவர்களுக்கு இந்த மாதிரி வலி மாத்திரைகள் ஆகாது, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து ரத்தத்தில் அளவு ஏறிவிடும். டைக்ளோபினாக்கும் அப்படி, இபுப்ரோபெனும் அப்படி. நாலாவது நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, வாந்தி, ஐந்தாவது நாள் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். நல்லவேளை ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே ரத்தம் எடுத்தார். லித்தியம் வழக்கமாக 0.6லிருந்து 1.0, மிஞ்சிப்போனால் 1.2 வரைக்கும் இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இவனுக்கு 1.9.

தெருமுனைக் கடைக்காரரை இதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முன்னே அவர்கள் போட்ட சத்தம் தப்பு, சரி. ஆனால் இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல் வைத்தது நாங்கள். அந்தக் கடைப் பையன் சத்தம் போட்டது ஒரு நிமிடம், நாங்கள் வாயை மூடிக்கொண்டது நாலு வருடம்.

சரி, கடைக்கு வருவோம். தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ராத்திரி ஸ்ட்ரிப் தீர்ந்துபோனது. ஜங்ஷனுக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பஜாரின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடை உண்டு, புருஷனும் பெண்சாதியுமாக நடத்துகிறார்கள். அண்ணாச்சி கணக்குப் பார்ப்பார், அக்காதான் படித்த பார்மசிஸ்ட். கவுண்டர் நாலடி நீளம் இருந்தால் பெரிய விஷயம். வெளியே ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் கொஞ்சம் உடைந்தது.

சீட்டைக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, எடுத்துக்கொண்டு வந்து, "தம்பிக்கா? கடைசியா எப்பம்மா லெவல் பாத்திய?" என்றார். அப்பாவுக்கு மெட்பார்மின் வாங்கும்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்பார்களே, அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் அதுவரை இரண்டு வகைக் குரலைத்தான் கேட்டிருந்தேன். ஒன்று தெருவுக்கே கேட்கிற சத்தம், இன்னொன்று சாவு வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு குசுகுசு. இரண்டாவதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், அதில் இரக்கம் வேறு கலந்திருக்கும்.

பழக்கதோஷத்தில், "பேப்பர்ல சுத்திக் குடுங்கக்கா" என்றேன். மறு பேச்சில்லாமல் சுற்றிக் கொடுத்தார். இதை முக்கியமாக எழுதுகிறேன். ஏன், எதற்கு, இதிலென்ன வெட்கம் என்று ஒரு பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஐந்தாறு மாதம் ஒவ்வொரு தடவையும் பேப்பரில் சுற்றித்தான் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் தம்பியின் மாத்திரையும் சேர்த்து வாங்கியபோது, "ரெண்டையும் சுத்தவா, ஒண்ண மட்டுமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டையும் அப்படியே கவரில் போடச் சொல்லி வாங்கி வந்தேன்.

இந்தக் கடையில் என்ன விசேஷம் என்றால் கேள்விகள்தான். நாலைந்து கேள்வி, எல்லாம் வேலைக்கு ஆகிற கேள்வி. ஐப்பசியில் தம்பி போயிருக்கிறான், "சஷ்டி விரதம் இருக்கப் போறியளா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் திருச்செந்தூருக்குப் போய் ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் நிறைய, வெறும் மிளகும் தண்ணியும், இளநீர் மட்டும் என்று கடுமையாக இருப்பவர்களும் உண்டு. லித்தியத்தை உடம்பு உப்பைப் போலத்தான் நடத்துமாம், தண்ணியும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இருங்க தம்பி, முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றிருக்கிறார். தம்பி டாக்டரிடம் கேட்டான், ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் விட்டு விரதம் இருந்தான். எங்கள் வீட்டில் யாருக்காவது இது தோன்றியதா? தோன்றியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது சந்தேகம். அவன் முன்னால் மாத்திரை என்ற வார்த்தையைக்கூட நாங்கள் எடுப்பதில்லை.

அப்பா கதை வேறு. அவருக்குத் தூக்கம் போய்விட்டது, டாக்டர் கொஞ்ச நாளைக்கு அல்ப்ரசோலம் எழுதினார். அதை வாங்கப் போனால் நோட்டில் பேர் எழுதுவார்கள், போலீஸில் கேட்டால் காட்டுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். கடைசியில் போய் இதையே அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா அந்த நோட்டைத் திறந்து, பேர்கள் இருக்கும் கட்டத்தை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, மருந்துக் கட்டத்தை மட்டும் காட்டியிருக்கிறார். எச்1 என்று கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் உள்ள எதைக் கொடுத்தாலும் டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், 2014லிருந்து நாடு பூராவும் இதுதான் விதி. அந்தப் பட்டியலில் தூக்க மாத்திரைகள் மட்டுமா இருக்கின்றன? காசநோய் மருந்துகள் உண்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற செபிக்சிம் உண்டு. "உங்களுக்கு மேல இருக்கது ஒரு ஒண்ணாங்கிளாஸ் பையன்" என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. அதோடு, இந்த மாத்திரை பழக்கமாகிவிடும், டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் கேட்டால் தரமாட்டேன் என்றும் அக்கா சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அப்பா கேட்டுப் பார்த்தார், தரவில்லை. திரும்ப டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் நானும் அம்மாவும் போனோம், மழை விடவில்லை, அம்மா அந்த உடைந்த கால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்க தூங்குதியளாம்மா?" அவ்வளவுதான். அம்மா முக்கால் மணி நேரம் பேசினாள். தம்பி முதன்முதலில் மூன்று நாள் தூங்காமல் வீட்டுச் சாமான்களையெல்லாம் தெருவில் போட்டு யாருக்கு வேண்டும் என்று கேட்டது, அவனுக்குப் பார்த்த பெண் வீட்டில் யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டது, குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் தங்க வைக்கவா என்று அப்பாவோடு சண்டை போட்டது, தன் வயிற்றில்தான் கோளாறு என்று மாமியார் சொன்னது. இதில் பாதி எனக்கே தெரியாது. அக்கா நடுநடுவே இரண்டு பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தார், திரும்பி வந்து, "ம், பெண் வீட்டுல போன் போட்டாங்க, பொறவு?" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தார். எனக்கு அதுதான் ஆச்சரியம். 'எல்லாம் சரியாப் போயிரும்', 'தைரியமா இருங்க', 'பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்கு இதைவிட மோசம்', இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், "பெத்த வயித்துல ஒரு கோளாறும் இல்லம்மா, இது சர்க்கரை பிரஷர் மாதிரி ஒரு சீக்கு" என்று மட்டும் சொன்னார். அதைத் தம்பியின் டாக்டரும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், ஐந்து நிமிட அவசரத்தில். அம்மாவுக்குக் காதில் விழுந்தது இங்கேதான்.

இவ்வளவு சொன்னதால் இது கோவில் என்று நினைத்துவிட வேண்டாம். குறைகள் இருக்கின்றன.

முதல் குறை பெரியது: தனியாகப் பேச இடமில்லை. நீங்கள் பேசுவதைப் பின்னால் நிற்கிறவர் கேட்பார், அக்காவின் குரலும் கணீரென்றுதான் இருக்கும். ஒரு தடவை காலேஜ் பெண் ஒருத்தி மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எஸ்சிட்டலோபிராம் வாங்க வந்திருந்தாள். மூன்று நாளாயிற்று, ஒன்றும் கேட்கவில்லையே, நிறுத்திவிடவா என்றாள். அக்கா, இது தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, இரண்டு வாரம் நாலு வாரம் ஆகும், நீயாக நிறுத்தாதே என்று விளக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், "எனக்கு மூணாவது வாரம்தாம்மா கேட்டுது" என்று எட்டிப்பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அவர் இடத்தில் அவள் பெரியப்பா நின்றிருந்தால்? கண்டக்டர் தன் கதையைச் சொன்னார், அது அவர் இஷ்டம். அவள் கதையை எல்லார் முன்னாலும் திறக்க வேண்டுமா என்பது அவள் இஷ்டம். 2017ஆம் வருட மனநலச் சட்டத்தில் நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது உரிமையாகவே எழுதியிருக்கிறது. மனம் விட்டுப் பேசுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். யோசித்தார். இப்போது இந்த மாதிரி மருந்துக்கு வருகிறவர்களைக் கவுண்டரின் ஓரத்துக்கு, பிரிட்ஜ் பக்கம் வரச் சொல்கிறார். பிரிட்ஜ் சத்தத்தில் கொஞ்சம் மறைகிறது, முழுசாக இல்லை.

இரண்டாவது, அக்கா இல்லாத நேரம். சாயங்காலம் அக்கா சமையலுக்குப் போனால் அண்ணாச்சி தனியாக எடுத்துக் கொடுக்கிறார். பார்மசிஸ்ட் இல்லாமல் இந்த மருந்துகளைக் கொடுப்பது சட்டப்படியே தப்பு. போன வருடம் சாதா லித்தியம் 300க்குப் பதிலாக, மெதுவாகக் கரைகிற எஸ்.ஆர். 400ஐக் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திரும்பக் கொண்டுபோனதும் மாற்றிக் கொடுத்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார், ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை 1.9ஐப் பார்த்த வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ட்ரிப்பில் உள்ள எழுத்தைப் படிக்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள், எந்தக் கடையாக இருந்தாலும்.

மூன்றாவது, கூட்டம். அக்கா ஒருவரோடு பேச ஆரம்பித்தால் குரோசின் வாங்க வந்தவர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுத்திருக்கிறேன். தள்ளுபடி கிடையாது. ஞாபகசக்தி டானிக் என்று ஒரு பாட்டில் வரிசையை முன்னால் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் அண்ணாச்சி சிரிக்கிறார், பரீட்சை சமயத்தில் அதுதான் ஓடுமாம்.

ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். நானும் ஆறு மாதம் வாங்கினேன், விலை குறைவு, சீல் போட்ட பெட்டி, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அதில் எனக்கு வந்த பயமும். டைக்ளோபினாக்கையும் லித்தியத்தையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தடவையும் நானே சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு பற்றி இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருந்து இலவசம், அதே 2017 சட்டத்தில் அதுவும் இருக்கிறது, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போனால் காசில்லாமலே வாங்கலாம் என்று எங்களுக்குச் சொன்னதே இந்த அக்காதான். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கவுண்டர் கண்ணாடியில் 14416 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசாங்க மனநலத் தொலைபேசிச் சேவை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காதல்லவா, அதற்கு இது என்பார் அக்கா.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல் பன்னிரண்டு மாநிலங்களில், தமிழ்நாட்டையும் சேர்த்து, ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனநோய் இருந்தும் சிகிச்சைக்கே வராதவர்கள் நோய்க்குத் தகுந்தபடி நூற்றுக்கு 70லிருந்து 92 பேர் வரை என்று அதில் வந்தது. படித்தபோது நம்ப முடியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால், சீட்டு கையில் இருந்தும் அப்பா மூன்று நாள் கடைக்குப் போகாமல் சுற்றினாரே, சீட்டு வாங்கவே போகாதவர்கள் எத்தனை பேரோ.

நட்சத்திரம் என்றால் ஐந்துக்கு நாலு. எஸ்.ஆர். 400க்காக ஒன்றைக் குறைத்துவிட்டேன், பிரிட்ஜ் பக்கம் ஒரு தட்டி வைத்து மறைத்தால் திரும்பக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறேன். ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பூட்டு. லித்தியம் சில வாரம் இருப்பு இருக்காது, ஸ்ட்ரிப்பில் ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே சொல்லிவைத்துவிட வேண்டும்.

இந்த மாதம் வாங்கப் போனது நான் இல்லை, அப்பா. போக வர பத்து நிமிட வேலை, ஒண்ணேகால் மணி நேரம் கழித்து வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், முன்னால் இரண்டு பேர் நின்றார்கள் என்கிறார்.